பள்ளியில் வினவிக் கற்றலை ஆசிரியர்கள் சேர்ந்து வளர்ப்பது எப்படி

குழந்தைகளைக் கேள்வி கேட்கவும் செய்து பார்க்கவும் விட்டு, அவர்களே சான்றுகளைக் கொண்டு ஒரு முடிவுக்கு வரும்வரை பொறுமையாகக் காத்திருக்கும் ஆசிரியர்கள் தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் பலர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தம் வகுப்பறைக்குள் தனியாகவே இதைச் செய்கிறார்கள். மாறுதல் கலந்தாய்வில் அப்படிப்பட்ட ஆசிரியர் ஒருவருக்கு வேறு ஊர் கிடைத்துவிட்டால், அந்த வழக்கமும் அவரோடு பள்ளியை விட்டுப் போய்விடுகிறது. வினவிக் கற்றல் ஒரு பள்ளியில் நிலைக்க வேண்டுமானால், அது ஒருவருடைய திறமையாக இல்லாமல் ஆசிரியர் குழுவின் பொது வேலையாக இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. எட்டாம் வகுப்பு வரை உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் மூன்று நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து அந்த வேலையை எப்படித் தொடங்கலாம், எப்படித் தொடரலாம் என்பதை இங்கே விளக்குகிறேன். வழிமுறை தெளிவாகப் புரிவதற்காக, ‘விதை முளைக்க வெளிச்சம் வேண்டுமா?’ என்ற ஒரே வினாவைத் தொடக்கம் முதல் கடைசி வரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், இன்றைய பெயரில் நர்மதாபுரத்தில், 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவின் நண்பர்கள் ஊரக மையம் ஆகிய இரண்டு அமைப்புகள் அதைத் தொடங்கிவைத்தன. 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பு பின்னர் அதை ஏற்று நடத்தியது. 2002இல் மாநில அரசு நிறுத்தும்வரை முப்பது ஆண்டுகள் அது நடந்தது. எளிய சோதனைப் பொருள்கள் கொண்ட பெட்டி, செய்முறையை மையமாகக் கொண்ட பாடநூல், நூலைத் திறந்து வைத்து எழுதும் தேர்வு ஆகியவற்றைப் பலரும் நினைவுகூர்கிறார்கள். ஆனால் அதன் முதுகெலும்பாக இருந்தது ஆசிரியர்களின் மாதக் கூட்டம் என்று நான் கருதுகிறேன். சாதாரணக் கிராமப் பள்ளி ஆசிரியர்கள் மாதந்தோறும் ஒன்றுகூடி, எந்தச் சோதனை வகுப்பில் சரியாக வரவில்லை, குழந்தைகள் எதிர்பாராத எந்தக் கேள்வியைக் கேட்டார்கள் என்று பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்தே பாடநூலும் திருத்தம் பெற்றது.

முதலில் நேரத்தை ஒதுக்குங்கள்

குழு அமைப்பதற்கு முன்னால் கால அட்டவணையைக் கையில் எடுங்கள். சேர்ந்து வேலை செய்ய விரும்பும் மூன்று நான்கு பேருக்கும் வாரத்தில் ஒரே ஒரு பாடவேளையாவது பொதுவாக ஓய்வாக அமைய வேண்டும். ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பள்ளியில் இது எளிதன்று. உடற்கல்வி, நூலகம், மன்றச் செயல்பாடு போன்ற வேளைகளில் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து ஒருவர் பார்த்துக்கொண்டால் மற்றவர்களுக்கு அந்த நேரம் கிடைக்கும். இதைத் தலைமையாசிரியர்தான் செய்து தர முடியும். எனவே அவரிடம் ‘ஆதரவு தாருங்கள்’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘வியாழக்கிழமை ஆறாம் பாடவேளையை எங்கள் நால்வருக்கும் ஒதுக்கித் தாருங்கள்’ என்று குறிப்பாகக் கேளுங்கள். மாலை நான்கு மணிக்குப் பிறகு கூடலாம் என்ற ஏற்பாடு பேருந்து பிடித்து வீடு திரும்பும் ஆசிரியர்களை, குறிப்பாகச் சிறு குழந்தைகள் உள்ள பெண் ஆசிரியர்களை, சில வாரங்களிலேயே விலகச் செய்துவிடும்.

எல்லா ஆசிரியர்களையும் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டாம். விருப்பமுள்ள மூவர் போதும். அவர்கள் மூன்று வெவ்வேறு பாடங்களைச் சேர்ந்தவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. விதை பற்றிய வினாவில் அறிவியல் ஆசிரியருக்கு உள்ள அளவு வேலை கணித ஆசிரியருக்கும் தமிழாசிரியருக்கும் உண்டு என்பதைக் கீழே காணலாம்.

வினாவைத் தேர்ந்தெடுத்தல்

முதல் கூட்டத்தில் அந்தப் பருவத்திற்குரிய பாடநூல்களை மேசையில் விரித்து வைத்து, எந்தப் பாடப்பகுதியைக் குழந்தைகள் செய்து பார்த்தே அறிய முடியும் என்று தேடுங்கள். பாடத்திட்டத்திற்கு வெளியே போய்ச் சிறப்பான ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசையை முதல் ஆண்டில் தள்ளிவைப்பது நல்லது. பாடத்திற்குள்ளேயே வினா இருந்தால் நேரம் தனியாகத் தேட வேண்டியதில்லை. பெற்றோருக்கும் அலுவலர்களுக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய தேவையும் எழாது.

நல்ல வினாவுக்குச் சில அடையாளங்கள் உள்ளன. குழந்தைகளிடம் அதற்கு ஏற்கெனவே ஒரு விடை இருக்க வேண்டும். அந்த விடையில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்க வேண்டும். உள்ளூரில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு இரண்டு மூன்று நாளில் சோதிக்க முடிய வேண்டும். விதை முளைக்க வெளிச்சம் வேண்டுமா என்ற வினா இவை எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. செடிக்குச் சூரிய ஒளி தேவை என்று படித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் விதைக்கும் அது தேவை என்றே சொல்வார்கள். ஆனால் வயல்வேலை தெரிந்த வீட்டுப் பிள்ளை, விதைநெல்லை ஊறவைத்து, நீரை வடித்து, சாக்கில் கட்டி இருட்டில் மூடி வைத்து முளைகட்டுவதைப் பார்த்திருக்கும். தென்மாவட்டங்களில் முளைப்பாரி வளர்ப்பதைப் பார்த்த பிள்ளைகள், வெயில் படாத அறையில் பயறுகள் வெளிறிய மஞ்சள் நிறத்தில் நெடுநெடுவென்று வளர்வதை அறிவார்கள். வீட்டில் அறிந்ததும் பள்ளியில் படித்ததும் இப்படி எதிரெதிரே நிற்கும் இடத்தில்தான் உண்மையான வினா பிறக்கிறது. அத்தகைய இடங்களைக் கண்டுபிடிக்க, அந்த ஊரிலேயே வாழும் ஆசிரியர் ஒருவர் குழுவில் இருப்பது பெரிய துணை.

ஆசிரியர்கள் முதலில் செய்து பார்த்தல்

இந்த நிலையைத் தவிர்த்துவிட்டு நேரே வகுப்புக்குப் போவதுதான் நான் கண்டவரை அடிக்கடி நடக்கும் தவறு. குழந்தைகளுக்குக் கொடுக்கப்போகும் அதே பொருள்களைக் கொண்டு, அதே அளவு நேரத்தில், ஆசிரியர்கள் அனைவரும் அந்தச் சோதனையைத் தாங்களே செய்து பார்க்க வேண்டும். தமிழாசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் இதில் விலக்கல்லர். சொல்லப்போனால் அறிவியல் பின்னணி இல்லாதவர் கேட்கும் கேள்விகளே குழந்தைகள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு மிக அருகில் இருக்கும்.

பாசிப்பயற்றை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் வெப்பத்தில் ஊறிய பயறு ஒன்று அல்லது இரண்டு நாளில் முளைவிடும். இரண்டு கிண்ணங்களில் ஈரப்பஞ்சின்மேல் பத்துப் பத்துப் பயறுகளைப் பரப்பி, ஒன்றைச் சன்னலோரத்திலும் மற்றொன்றை அட்டைப்பெட்டிக்குள்ளும் வைத்தால் போதும் என்று தோன்றும். செய்து பார்க்கும்போதுதான் சிக்கல் தெரியும். சன்னலோரக் கிண்ணத்தின் பஞ்சு மதியத்திற்குள் காய்ந்துவிடும். பெட்டிக்குள் இருப்பது ஈரமாகவே இருக்கும். மறுநாள் இருட்டில் இருந்தவை நன்றாக முளைத்து, வெளிச்சத்தில் இருந்தவை குறைவாக முளைத்திருந்தால், ‘வெளிச்சம் முளைப்பைக் கெடுக்கிறது’ என்று குழந்தைகள் முடிவு கட்டுவார்கள். அவர்களுடைய தரவு அதைத்தான் சொல்கிறது. ஆனால் வேறுபாட்டுக்குக் காரணம் ஈரம். இதை முன்கூட்டியே அறிந்த ஆசிரியர் விடையைத் திருத்த முனையமாட்டார். ‘இரண்டு கிண்ணத்திலும் ஈரம் ஒரே அளவில் இருந்ததா?’ என்று மட்டும் கேட்பார். அந்த ஒரு கேள்வி, ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைத்துச் சோதிக்க வேண்டும் என்ற அறிவியலின் அடிப்படை நெறியைக் குழந்தைகளே கண்டடையும் வழியைத் திறந்துவிடும்.

இன்னும் சில சிறிய செய்திகளும் செய்து பார்க்கும்போதே புலப்படும். வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னால் சிலர் உடைத்த பாசிப்பருப்பைக் கொண்டுவருவார்கள், அது முளைக்காது. முளைத்தது என்று எதைச் சொல்வது, தோல் வெடித்தாலே போதுமா, வேர் வெளியே தெரிய வேண்டுமா என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்யாவிட்டால் குழுக்களின் எண்ணிக்கைகளை ஒப்பிட முடியாது. வெள்ளிக்கிழமை தொடங்கினால் திங்கட்கிழமை அழுகிய பயறுதான் எஞ்சும். திங்கட்கிழமையே தொடங்க வேண்டும். காற்றும் தேவை என்று காட்டுவதற்காகப் பயற்றை நீருக்குள் முழுதாக மூழ்க வைத்தால், பாடநூல் விடைக்கு மாறாகச் சில பயறுகள் சற்றே முளைவிட்டு அதன் பிறகே அழுகக்கூடும். நெல்லோ நீருக்கடியிலும் முளைக்கத் தொடங்கும் திறன் உள்ளது. சில விதைகளுக்கு வெளிச்சம் உண்மையிலேயே தேவை என்பதையும் ஆசிரியர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். புகையிலை விதை அத்தகையது. எனவே வகுப்பின் முடிவு ‘விதைகளுக்கு வெளிச்சம் தேவையில்லை’ என்பதாக இருக்கக்கூடாது. ‘நாங்கள் சோதித்த பாசிப்பயறு முளைப்பதற்கு வெளிச்சம் தேவைப்படவில்லை’ என்ற அளவில் நிற்க வேண்டும். சான்று செல்லும் தூரம் வரை மட்டுமே முடிவு செல்ல வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்குப் பழக்குவது, முளைத்தலைப் பற்றிய பாடத்தைவிடவும் பெரிய பாடம்.

பாடத்தைச் சேர்ந்து திட்டமிடுதல்

ஜப்பானிய ஆசிரியர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்பற்றிவரும் ஒரு வழக்கம் இங்கே பயன்படும். ஆசிரியர்கள் பலர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை நுணுக்கமாகத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் இருந்து குழந்தைகளைக் கவனிப்பார்கள், பின்பு கூடிப் பேசித் திட்டத்தைத் திருத்துவார்கள். ‘ஜுகியோ கென்கியூ’ என்று அவர்கள் அழைக்கும் இம்முறையை நாம் ‘பாட ஆய்வு’ எனலாம். இதற்குப் புதிய கருவியோ நிதியோ தேவையில்லை என்பதால் நம் பள்ளிகளுக்கு நன்றாகப் பொருந்தும்.

திட்டத் தாளை மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் ஆசிரியர் கேட்கப்போகும் வினாவை, வகுப்பில் சொல்லப்போகும் அதே சொற்களில் எழுதுங்கள். இரண்டாவதில் குழந்தைகள் சொல்லக்கூடிய விடைகளை, தவறானவற்றையும் சேர்த்து, எத்தனை தோன்றுகிறதோ அத்தனையும் எழுதுங்கள். மூன்றாவதில் ஒவ்வொரு விடைக்கும் ஆசிரியர் அடுத்து என்ன கேட்பார் என்பதை எழுதுங்கள். இவற்றில் இரண்டாம் பத்திக்கே அதிக நேரம் செலவிட வேண்டும். ‘மண் இல்லாமல் எப்படி முளைக்கும்?’ என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன செய்வது என்பதை முன்பே பேசி வைத்திருந்தால், வகுப்பில் அந்தக் கேள்வி இடையூறாகத் தோன்றாது. வேறொரு குழு மண்ணிலும் ஒரு கிண்ணம் வைத்துப் பார்க்கட்டும் என்று உடனே சொல்ல முடியும்.

மற்றப் பாட ஆசிரியர்களின் பங்கும் இந்தத் தாளிலேயே இடம்பெற வேண்டும். ஆறு குழுக்களும் தலா பத்துப் பயறு வைத்தால் ஒவ்வொரு நிலைக்கும் 60 பயறுகள் ஆகும். ஒரு குழுவில் ஏழும் மற்றொன்றில் ஒன்பதும் முளைத்திருந்தால் அந்த வேறுபாட்டை எவ்வளவு நம்பலாம், எல்லாக் குழுக்களின் எண்ணிக்கையையும் கூட்டிப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதை விகிதமும் சதவீதமும் நடத்தும் கணித ஆசிரியர் தம் பாடவேளையில் எடுத்துக்கொள்ளலாம். பார்த்ததை ஒரு வாக்கியமாகவும், அதிலிருந்து ஊகித்ததை வேறொரு வாக்கியமாகவும் பிரித்து எழுதுவதைத் தமிழாசிரியர் பழக்கலாம். இந்த எழுத்துப் பயிற்சி, தெரிந்த தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்வதைக் காட்டிலும் மொழிக்கு அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

வகுப்பைக் கவனித்தல்

நம் பள்ளிகளில் வகுப்பறைக்குள் இன்னொரு பெரியவர் வந்து அமர்ந்தால் அது ஆய்வு, அதாவது குறைகாண வந்த வருகை, என்ற அச்சம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த அச்சத்தைப் போக்க ஒரே வழி, கவனிப்பவர் ஆசிரியரைப் பார்க்கக்கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்வது. ஒவ்வொருவரும் ஒரு குழந்தைக் குழுவின் அருகில் அமர்ந்து அந்தக் குழுவை மட்டும் கவனிக்க வேண்டும். குழந்தைகளுக்கு உதவவோ விடையை உணர்த்தவோ கூடாது. ‘ஆர்வமாக இருந்தார்கள்’ என்பது போன்ற மதிப்புரைகளை எழுதாமல், குழந்தைகள் பேசியதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும். பொருள்களை யார் கையில் எடுக்கிறார், எழுதும் வேலை யாரிடம் போய்ச் சேருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கலப்புக் குழுக்களில் பையன்கள் செய்ய, பெண்பிள்ளைகள் எழுதிக்கொண்டு மட்டும் இருக்கும் நிலை பல இடங்களில் காணப்படுகிறது. நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியரின் கண்ணுக்கு அது எளிதில் படாது.

ஒருவர் மட்டும் ஆசிரியரின் பக்கம் ஒன்றைக் கவனிக்கலாம். அதையும் நடத்துபவரே கேட்டுக்கொண்டால் மட்டும். வினாக் கேட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதுதான் அது. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் வினாவுக்குப் பிறகு சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று வினாடியாக நீட்டியபோது குழந்தைகளின் விடைகள் நீண்டன. பேசாதவர்களும் பேச முன்வந்தார்கள். மூன்று வினாடி என்பது வகுப்பில் நின்று பார்த்தால் மிக நீண்டதாகத் தோன்றும், பழகத்தான் வேண்டும்.

பின்னர் நடக்கும் கலந்துரையாடல் அன்றே, முடியாவிட்டால் மறுநாளே, நடக்க வேண்டும். பாடம் நடத்தியவர் முதலில் பேசட்டும். மற்றவர்கள் ‘நீங்கள் ஏன் இப்படிச் செய்தீர்கள்?’ என்று தொடங்காமல், ‘மூன்றாம் குழுவில் ஒரு மாணவி, பெட்டிக்குள்ளே சூடாக இருக்குமே என்று கேட்டாள்’ என்று தாம் குறித்ததை முன்வைக்கட்டும். வெப்பநிலையை நாம் திட்டத்தில் எண்ணிப் பார்க்கவே இல்லையே என்பது அப்போது குழு முழுவதற்கும் உறைக்கும். திருத்திய திட்டத்தை அடுத்த பிரிவில் வேறொருவர் நடத்தலாம். ஒரே பிரிவு உள்ள பள்ளியில் அடுத்த ஆண்டுக்கான கோப்பில் சேர்த்து வைக்கலாம். அந்தக் கோப்பு பள்ளியின் உடைமையாக, தலைமையாசிரியர் அறையில் இருக்க வேண்டும்.

குறிப்பேடுகளும் மதிப்பெண்ணும்

முழுமையான தொடர் மதிப்பீட்டு முறை 2012-13இல் முப்பருவத்தோடு அறிமுகமானபோது, நூறு மதிப்பெண்ணில் 40 பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கும் 60 பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கும் என்று பிரிக்கப்பட்டது. வளரறி மதிப்பீட்டின் செயல்பாட்டுப் பகுதி இத்தகைய வேலைக்காகவே உள்ள இடம். ஆனால் அலங்கரித்த அட்டையும் ஒட்டிய படமும் அந்த இடத்தைப் பல நேரங்களில் பிடித்துக்கொள்கின்றன. அதற்குப் பதிலாக, குழந்தையின் சோதனைக் குறிப்பேட்டை மதிப்பிடுங்கள். மாதம் ஒருமுறை ஐந்தாறு குறிப்பேடுகளை நடுவில் வைத்து, ஆசிரியர்கள் தனித்தனியே மதிப்பெண் இட்ட பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் அழகான கையெழுத்துக்கும் மற்றொருவர் சரியான விடைக்கும் மதிப்பெண் கொடுத்திருப்பது தெரியவரும். எதிர்பார்த்தது நடக்காததை மறைக்காமல் எழுதிய குழந்தைக்கு என்ன தருவது என்ற விவாதம் எழும். அதைத் தீர்த்து, ஒரு பக்கத்திற்கு மிகாத பொது அளவுகோல் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தைக்கே அதிகம் தர வேண்டும் என்பேன்.

பாடத்திட்டம் முடியாது என்ற அச்சம் நியாயமானது. அதைத் தள்ளிவிடக் கூடாது. எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது, தேவையுமில்லை. ஒரு வகுப்புக்குப் பருவத்திற்கு ஒன்று, ஆண்டுக்கு மூன்று என்ற அளவில் தொடங்கினால் போதும். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2022 நவம்பரில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம் போன்ற திட்டங்களில் வரும் செயல்பாடுகளையும், குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு மாணவர்கள் செய்யும் ஆய்வுகளையும் இந்த மூன்றில் ஒன்றாக ஆக்கிக்கொள்ளலாம். ஒரு நாள் நிகழ்ச்சியாக முடிந்துபோகும் சோதனையை, ஆசிரியர்கள் முன்பே செய்து பார்த்து, பின்பு ஒரு வாரம் தொடர்ந்தால் அதுவே முழுமையான பாடமாகிவிடும்.

ஈராசிரியர் பள்ளிகள்

இரண்டே ஆசிரியர்கள் உள்ள தொடக்கப்பள்ளியில் மேற்சொன்ன பலவும் இயலாது என்று தோன்றலாம். ஒருவர் நடத்த மற்றவர் கவனிப்பது, எல்லா வகுப்புகளையும் ஒரே கூடத்தில் அமரவைத்தால் இயலும். ஒரே வினாவை மூன்றாம் வகுப்புப் பிள்ளை வரைந்து காட்டவும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எண்ணி எழுதவும் செய்யலாம். திட்டமிடுதலுக்குக் குறுவள மையக் கூட்டமே இடம். அருகிலுள்ள நான்கைந்து பள்ளிகளின் ஆசிரியர்கள் அந்தக் கூட்டத்தின் கடைசி அரைமணி நேரத்தைக் கேட்டு வாங்கி, ஒரே வினாவைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரும் தம் பள்ளியில் நடத்திவிட்டு, அடுத்த கூட்டத்திற்குக் குழந்தைகளின் இரண்டு குறிப்பேடுகளைக் கையோடு கொண்டுவர வேண்டும். கைப்பேசிக் குழுவில் படங்களைப் பகிர்வது இதற்கு ஈடாகாது. அங்கே நன்றாக வந்தவை மட்டுமே பகிரப்படுகின்றன. குறிப்பேட்டை விரித்து வைத்து இரண்டு ஆசிரியர்கள் அருகருகே அமர்ந்து படிக்கும்போதுதான், உங்கள் ஊரில் முளைத்தது எங்கள் ஊரில் ஏன் முளைக்கவில்லை என்ற அடுத்த வினா கிடைக்கும். அந்த வினாவையே இரு பள்ளிப் பிள்ளைகளுக்கும் அடுத்த மாத வேலையாகக் கொடுக்கலாம்.